நான் சந்தேகிக்காத எண்

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் பொய் சொல்வார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் யார் சொல்ல மாட்டார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால், எல்லோரையும் சந்தேகப்படுவதுதான் எனக்கு வசதி. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருக்கும் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்து நாலு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறக்கும்போதே கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏதாவது சாப்ட்டீங்களா?"

"பச்சத் தண்ணி கூட பல்லுல படலம்மா."

சொல்பவரின் மீசையில் டீயின் ஏடு ஒட்டிக்கொண்டிருக்கும். சுட்டிக்காட்டினால், "டீயெல்லாம் ஒரு சாப்பாடாம்மா?" என்று என்னையே கேட்பார்.

இன்னொரு வகை உண்டு. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து வாயைக் கட்டி, கேழ்வரகுக் களியும் கீரையுமாக இருந்து, ரத்தத்தைக் கொடுத்த கையோடு எதிர் ஓட்டலில் போய்ப் பூரி சாப்பிடுகிறவர்கள். பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்தபடியே பூரியைப் பிய்ப்பதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் சர்க்கரை கம்மியாக வந்தால் யாரை ஏமாற்றியதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதனால்தான் மூன்று மாதச் சர்க்கரை என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பரிசோதனை மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு மாதம் உயிரோடு சுற்றும். சுற்றுகிற காலமெல்லாம் ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டும். மிட்டாய்க் கடையில் நிற்கிறவரின் சட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் துடைத்துக்கொண்டு வந்தால் பிசுக்கு போய்விடாது. எத்தனை பிசுக்கு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் இரண்டு மூன்று மாதமாகக் கடையில் எவ்வளவு பாகு காய்ச்சினார்கள் என்று சொல்லிவிடலாம். மூன்று நாள் களி சாப்பிட்டவர் இதில் கையும் களவுமாக மாட்டிக்கொள்வார். மனிதர்கள் பொய் சொல்லலாம், சிவப்பணு சொல்லாது என்பது என் கட்சி.

என் கணவர் பஸ் கண்டக்டர். நின்றே சம்பாதித்த மனிதர். காலையில் காபியோடு பேப்பரை விரித்து, மருத்துவச் செய்தி எது வந்தாலும் எனக்காகச் சத்தமாக வாசிப்பது அவருக்குப் பழக்கம். நான் அந்தத் துறையில் இருப்பதாக அவருக்குப் பெருமை. "இனிமே சக்கரைக்கு ஊசியே வேணாமாம்" என்பார். "கண்ணு நரம்பு திரும்ப வளருதாம்" என்பார். நான் தோசைக் கரண்டியும் கையுமாக ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"எலிக்கா, மனுஷனுக்கா?"

அவர் கீழே வரை படித்துவிட்டுக் குரலை இறக்கி, "எலிக்குத்தான்" என்பார். வாரத்துக்கு ஒரு வியாதி பேப்பரில் ஒழிகிறது, என் படியில் உட்காருகிறவர்கள் மட்டும் குறைவதேயில்லை. இப்படிப்பட்ட செய்திகளைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். நான் சந்தேகப்பட்ட விதத்தில்தான் தப்பு.

அவருடைய நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அடி அண்ணாமலையில் அன்னதானம் செய்வார்கள். பௌர்ணமிக்கு ஸ்பெஷல் பஸ் ஓடும், கண்டக்டருக்கு லீவு கிடைக்காது. எப்படியும் பௌர்ணமிக் கூட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் நாங்கள் நடப்பது குறைவு. அதனால் அந்தச் செவ்வாயில் அவர் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் அள்ளிக் கொடுத்துவிட்டு, அப்படியே வெறுங்காலோடு கிரிவலம் முடித்து வீட்டுக்கு வருவார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் அந்தப் பந்தல் பக்கத்திலேயே யாரோ இலவச மருத்துவ முகாம் போட்டிருக்கிறார்கள். விரலைக் குத்திப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் 268 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை என்னிடம் நீட்டியபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. நான் சிரித்தேன்.

"கைய கழுவினீங்களா?"

"துண்டுல தொடச்சேன்."

"அதான். விரல்ல வெல்லப்பாகு ஒட்டிக்கிட்டிருந்தா மிஷினு அதையும் சேத்துத்தான் காட்டும். நீங்க பாத்தது உங்க ரத்தத்துல இருக்கற சக்கரை இல்ல, பொங்கல்ல இருக்கற சக்கரை."

இது நான் இட்டுக்கட்டியதல்ல. பழம் உரித்த கையோடு, இனிப்பு தொட்ட கையோடு குத்தினால் எண் ஏறும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் ஒன்று கையில் இருந்ததால் தெரியாத விஷயத்தைத் தேடவில்லை.

"வெறும் வயித்துல ஒண்ணு, சாப்ட்டு ஒண்ணு பாத்துடேன்" என்றார்.

"வேணாம். நீங்க ரெண்டு நாளு பத்தியம் இருந்துட்டு வந்து கைய நீட்டுவீங்க. மூணு மாசத்துது பாத்தா நீங்க மறைக்கவே முடியாது."

மறுநாள் காலை அவரை என் நாற்காலியில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தேன். 5.6 வந்தது. எந்தச் சந்தேகமும் இல்லாமல் நார்மல். முகாம்காரர்களின் சீட்டைக் கிழித்துப் பஞ்சு போடும் டப்பாவில் போட்டேன். ரிப்போர்ட்டை அவர் மடித்துத் தோல்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வருடம் ஒரு முறை அதே பரிசோதனை, அதே மாதிரி எண். நான்கு பேரிடம் காட்டி, "வீட்லயே லேபு" என்று சொல்லிக்கொள்வார்.

அடுத்த வருடம் அவருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. பஸ்ஸில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல், ஒற்றைச் செருப்போடு டிப்போ வரைக்கும் நடந்து போயிருக்கிறார். டிரைவர் சொல்லித்தான் தெரிந்ததாம். அதை அவரே வீட்டில் சிரித்துக்கொண்டு சொன்னார், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்குள் வழக்கமான சந்தேகப் பூச்சி நெளிய ஆரம்பித்தது. அந்தச் சமயம் அவர் டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டு மனு போட்டிருந்தார். அதிகாரியிடம் சொல்லப் போவதை என்னிடம் ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"முப்பது வருஷமா நின்னுக்கிட்டே இருந்தா கால் மரக்காம என்னா பண்ணும்? உங்க சக்கரை நார்மல். நாந்தானே பாத்தேன்."

"அதுவும் சரிதான்" என்றார். அவர் என்னோடு வாதாடுகிறவர் இல்லை. அன்றைக்கு ஒரு நாளாவது வாதாடியிருக்கலாம் என்று ஆத்திரமாக வருகிறது. நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் காலை பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "இந்தா பாரு, உங்க மூணு மாச டெஸ்டு சில பேருக்கு இருக்கறத விட கம்மியா காட்டுதாம். ஏதோ ஜீன்ல இருக்குதாம்" என்றார்.

"எலிக்கா?" என்றேன்.

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நான் அதைத் துடைக்கப் போனேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார். அந்தச் செய்தியில் எலி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சென்ற அக்னி நட்சத்திரத்தில் வந்த செவ்வாய்க்கிழமை. காலையில் பந்தலில் கூட்டம் அதிகம், பொங்கல் கொடுத்து முடிக்கவே பதினோரு மணி ஆகிவிட்டது. அதன்பிறகு அவர் நடக்க ஆரம்பித்து, மலையைச் சுற்றி முடித்து வீட்டுக்கு வந்தபோது இரண்டேகால் இருக்கும். எனக்கு அன்று மதியம் ஓய்வு. வாசலில் நுழையும்போதே உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

"தாரு ரோடு கொதிக்குது. ஆளுங்கல்லாம் நெழலப் பாத்து குதிச்சிக்கிட்டு ஓடறாங்க. வெள்ளக் கோட்டு மேல நடக்க சண்ட போடறாங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல தெரியுமா? மெத்தை மேல நடக்கற மாதிரி இருந்துச்சு. அண்ணாமலையாரு கால தாங்கிப் புடிச்சிக்கினாரு."

எங்கள் வீட்டுக் கூடம் கடப்பைக்கல் தரை. கறுப்பு. வாசற்படியிலிருந்து நாற்காலி வரை அவர் நடந்த வழியெல்லாம் ஈரத் தடம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தேன்.

"கால் கழுவினா மிதியடில தொடச்சிட்டு வரக் கூடாதா?"

அவர் தரையைத் திரும்பிப் பார்த்தார். "நான் இன்னும் கழுவவே இல்லையே" என்றார்.

தண்ணீர் அப்படிப் பளபளக்காது. நான் குனிந்து விரலால் தொட்டேன். பிசுபிசுப்பு. இருபத்து நாலு வருடம் ரத்தத்தோடும் நீரோடும் வாழ்ந்தவளுக்கு அது என்னவென்று தெரியாதா? அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வலது காலில் சுண்டுவிரல் பக்கம் ஆழமாக வெந்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மோர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா?" என்று கத்தினேன்.

"இல்லையே" என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். எங்கள் லேபுக்கு ரத்தம் அனுப்புகிறவர்தான், என்னை அக்கா என்று கூப்பிடுவார். சர்க்கரை பார்த்தார்கள், முந்நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது. நான் அவருடைய தோல்பையிலிருந்து மூன்று வருட ரிப்போர்ட்டையும் எடுத்து மேஜையில் போட்டேன். இந்த மிஷினைச் சரிபாருங்கள் என்று சொல்லாமல் சொன்னேன்.

"அக்கா, ரெண்டும் ஒரே ஆளோடதுதானா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. அன்று மாலையே நான் சந்தேகத்தை வரிசையாகக் கட்டவிழ்த்துவிட்டேன். முதலில் ஆஸ்பத்திரி ஸ்ட்ரிப் காலாவதியாகியிருக்கும் என்று நினைத்தேன். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து எங்கள் லேபில் போட்டேன், அங்கேயும் சர்க்கரை அதே உயரத்தில் நின்றது. பிறகு எங்கள் மூன்று மாத மிஷினைச் சந்தேகப்பட்டேன். வேலூரில் ஒரு பெரிய லேபுக்கு ஒரு குழாய் ரத்தம் அனுப்பினேன். 5.7 என்று வந்தது. மிஷினும் யோக்கியம், ஸ்ட்ரிப்பும் யோக்கியம். கடைசியாக, கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த மனிதரையே சந்தேகப்பட்டேன். மூன்று மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு அந்தச் செவ்வாய் மட்டும் ஒரு அண்டா பொங்கலைத் தின்றிருப்பாரோ? ஒரு நாள் சர்க்கரையில் நரம்பு சாகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் யாரையும் சந்தேகப்படவில்லை, கேள்வி மட்டும் கேட்டார். சின்ன வயதில் மலேரியா வந்ததா? மஞ்சள் காமாலை?

"மலேரியா வந்துச்சுங்க. பத்தாவது படிக்கறப்போ. அதுக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு நாள்ல மூத்திரம் காப்பித் தண்ணி மாதிரி போச்சு, எழுந்து நிக்க முடியல. பொறந்தப்பவும் ரொம்ப மஞ்சளா இருந்தேன்னு அம்மா சொல்லுவாங்க." என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சேர்த்தார். "இவகிட்ட சொன்னா கதைன்னுவா."

உண்மைதான். கல்யாணமான புதிதில் சொன்னார். ஆம்பளைகள் தங்கள் பழைய காய்ச்சலை எப்போதும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பரிசோதனை எழுதினார். ஜி-6-பி-டி என்று ஒரு நொதி. சிவப்பணுவைச் சேதத்திலிருந்து காப்பாற்றும் காவல்காரன் அது. என் கணவர் உடம்பில் அது மிகக் குறைவு. காவல் இல்லாததால் அவருடைய சிவப்பணுக்கள் சீக்கிரம் சாகின்றன. சில மாத்திரைகள் பட்டால் கூட்டமாகச் சாகும், அந்தக் காப்பித் தண்ணி நிறம் அதுதான். மற்றபடி வெளியே ஒன்றும் தெரியாது. பழையது சாகச் சாக உடம்பு புதிது செய்து அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இனி என் மிட்டாய்க் கடைக்கு வாருங்கள். கடையில் பாகு கொதிக்கிறது. ஆனால் நிற்கிறவர் சட்டையை அடிக்கடி மாற்றிவிடுகிறார். சட்டையை மட்டும் பார்க்கிறவளுக்குப் பிசுக்கே தெரியாது. அவள்தான் நான்.

ஏராளமான மனிதர்களின் மரபணுவையும் அவர்களுடைய மருத்துவக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிகள் சமீப காலமாக வருகின்றன. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மூன்று மாத எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது, அதனால் சர்க்கரை நோய் தாமதமாகத் தெரிகிறது, அந்தத் தாமதத்தில் கண்ணும் நரம்பும் கூடுதலாகக் கெடுகின்றன என்று அவை சொல்கின்றன. நம் பக்கத்து மக்களிலும் இது இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் கோளாறு என்பதால், ஒற்றை எக்ஸ் வைத்திருக்கும் ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கும். தகப்பன் தன் எக்ஸை மகளுக்குக் கொடுத்தே தீருவான். எங்களுக்கு ஒரே மகள், அவளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் படித்தேன். எந்த வரியிலாவது எலி வருமா என்று தேடினேன். எல்லாம் மனுஷன்.

இரண்டு வாரச் சர்க்கரையைச் சொல்ல வேறொரு பரிசோதனை இருக்கிறது. சிவப்பணுவை நம்பாமல், ரத்தத்தில் உள்ள புரதத்தில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. அவ்வளவு ஏன், மூன்று வருடத்துக்கு முன் அவர் கேட்டாரே, வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு ஒன்று, அதைப் பார்த்திருந்தாலே போதும். ஊரில் எல்லோருக்கும் பார்க்கிறேன். என் வீட்டு மனிதர் ஏமாற்றிவிடுவாரோ என்று அவருக்கு மட்டும் பார்க்கவில்லை.

வலது காலில் சீழ் வைத்துவிட்டது. கால் போகுமா நிற்குமா என்று பன்னிரண்டு நாள் தெரியாமல் இருந்தோம். சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள், கால் நின்றது. ஃபைல் அட்டையில் டாக்டர் சிவப்பு மையில் கொடுக்கக்கூடாத மருந்துகளை எழுதினார். டிப்போவில் அவர் கேட்ட உட்காரும் வேலை இப்போது கிடைத்துவிட்டது. மனுவுக்கு யாரும் பதில் கூடச் சொல்லவில்லை, காலைக் காட்டியதும் கொடுத்துவிட்டார்கள்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, அழுது, முடித்திருப்பேன்.

மருத்துவமனையில் ஒரு நைலான் இழை கொடுத்தார்கள். பேனா போன்ற பிடியில், மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு விரற்கடை நீளம். கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் பத்து இடத்தில், இழை வளையும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். தெரிந்தால் தெரிகிறது என்று அவர் சொல்ல வேண்டும். செத்த நரம்பு பெரும்பாலும் திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் இது என்று டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில், அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு நோட்டில் கால் படம் வரைந்து குறித்துக்கொள்வேன். முதல் வாரங்களில் இடது காலில் மூன்று இடம், வலதில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் இழை வளையும், அவர் மூடிய கண்ணோடு காத்திருப்பார். நான் மூக்கை உறிஞ்சுவது அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பிறகு இரண்டு மாதத்தில் எண்ணிக்கை கூட ஆரம்பித்தது. இடதில் ஐந்து. வலதில் ஒன்று, அடுத்த வாரம் மூன்று. நான் லேபில் எல்லோரிடமும் சொன்னேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த மௌனம் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் எப்போதும் கட்டைவிரலில் ஆரம்பித்து, ஒரே வரிசையில், ஒரே வேகத்தில்தான் தொட்டுக்கொண்டு போகிறேன்.

போன ஞாயிறு வழக்கம்போல உட்கார்ந்தோம். கட்டைவிரலைத் தொட்டேன். "தெரியுது" என்றார். அடுத்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் தொட வேண்டும். நான் இழையை அவர் காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், காற்றில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நொடி போனது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் சின்னச் சிரிப்பு.

"தெரியுது. வெரலுக்குக் கீழ. நல்லாவே தெரியுதும்மா."

கல்யாணமான நாளிலிருந்து இருபத்தெட்டு வருடமாகச் சந்தேகப்பட்டு, அவரிடம் நான் பிடித்த முதல் பொய் அது. நோட்டில் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். வாயால், "சரியா சொன்னீங்க" என்றேன்.